சிரிக்கத் தெரிந்த விசுவாசம்: திருகோணமலையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஒரு ஞாயிறு பூசை முடிந்து பிள்ளைகள் கோயில் வளவில் கிளித்தட்டுக்குக் கோடு கீறிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் குறைந்தது. அந்த வருடம் உயிர்ப்பு விழாவில் ஞானஸ்நானம் எடுத்த ஒரு தம்பி மதிலோடு ஒதுங்கி நின்றார். "தம்பி, வாங்கோ, ஒரு ஆள் காணாது" என்று கூப்பிட்டேன். "இல்லை டீச்சர், இனி நான் கொஞ்சம் அடக்க ஒடுக்கமா இருக்க வேணும்தானே" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பல நாள் நெஞ்சில் கிடந்தது. அதை அவருக்கு யாரும் வாயால் சொல்லவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துத்தான் படித்திருக்கிறார். எப்போது எழும்புவது, எப்போது முழங்காலில் நிற்பது, எந்த நாளில் இறைச்சி சாப்பிடக் கூடாது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தோம். சிரிப்பும் விளையாட்டும் இந்த வீட்டுக்குள் அடங்கியவை என்று மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரைப் போல புதிதாக வந்தவர்களுக்கும், பிறந்ததிலிருந்து இருந்தும் இன்னும் மதிலோரம் நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் கத்தோலிக்கப் பெண், மறைக்கல்வி படிப்பிப்பவள். ஆகவே கோயில், பூசை, சுவாமி என்றுதான் என் வாயில் வரும். மெதடிஸ்த சபைக்கோ வேறு சபைக்கோ போகிறவர்கள் ஆராதனை, போதகர் என்று மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள். செய்ய வேண்டியது ஒன்றுதான்.

தொடங்குமுன் ஒரு சொல். கவலை எல்லாம் தீர்ந்த பிறகு மகிழலாம் என்று காத்திருக்காதீர்கள். "ஆண்டவரில் எப்போதும் மகிழுங்கள்" என்று பிலிப்பியருக்கு எழுதியபோது பவுல் விலங்கோடு சிறையில் இருந்தார். மகிழ்ச்சி ஜெபத்தைப் போலப் பழகிப் பழகி வருவது. கீழே சொல்வதெல்லாம் அந்தப் பழக்கத்துக்கான படிகள்.

முதல் வாரம்: வேதத்தில் சிரிப்பைத் தேடுங்கள்

ஒரு கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பகுதி, பத்து நிமிடம் போதும். சத்தமாக வாசியுங்கள், முடிந்தால் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு வாசியுங்கள். மனதுக்குள் வாசிக்கும்போது எல்லா வசனமும் ஒரே குரலில்தான் கேட்கும். வாய்விட்டு வாசித்தால்தான் எந்த இடத்தில் சிரிப்பு வருகிறது என்று தெரியும்.

தொடக்க நூல் 18ஆம் அதிகாரத்தில் தொடங்குங்கள். (ஆதியாகமம் என்றும் சொல்வார்கள்.) சாரா கூடார வாசலில் நின்று விருந்தாளிகளின் கதையைக் கேட்கிறாள். இந்த வயதில் எனக்குப் பிள்ளையா என்று உள்ளுக்குள் சிரிக்கிறாள். ஆண்டவர் கேட்டதும் பயத்தில் "நான் சிரிக்கவில்லை" என்கிறாள். "இல்லை, நீ சிரித்தாய்" என்று பதில் வருகிறது. தண்டனையும் இல்லை, பிரசங்கமும் இல்லை. பிறகு 21ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். பிள்ளை பிறந்து ஈசாக்கு என்று பேர் வைக்கிறார்கள். எபிரேய மொழியில் அதற்கு "அவன் சிரிக்கிறான்" என்று பொருள். நம் விசுவாசத்தின் இரண்டாம் தலைமுறைக்கே பேர் சிரிப்பு.

இரண்டாம் நாள் திருப்பாடல் 104. இதை வீட்டில் இருந்து வாசிக்காமல் டச் பே கரைக்குக் கொண்டுபோங்கள். கப்பல்கள் ஓடும் அந்தப் பெரிய கடலில் விளையாடுவதற்கென்றே கடவுள் லிவியத்தானைப் படைத்தார் என்று 26ஆம் வசனம் சொல்கிறது. லிவியத்தான் என்றால் பழைய ஆட்களுக்குக் கடலின் பேரச்சம். பாடியவரோ அதை ஒரு பெரிய விளையாட்டுப் பிள்ளையாகப் பார்க்கிறார். மற்ற ஊர்க்காரர் இதைக் கற்பனை பண்ணித்தான் பார்க்க வேண்டும். நமக்கு அப்படி இல்லை. கடல் அமைதியான மாதங்களில் நம் கரைக்கு வெளியே நீலத் திமிங்கிலம் வருகிறது. சுவாமி மலை உச்சியில் நின்றே சிலவேளை அதன் மூச்சுத் தெறிப்பதைக் காணலாம். உலகத்திலேயே பெரிய உயிர் நம் வாசலில் புரண்டு விளையாடுகிறது. அதைப் பார்த்த பிறகு அந்த வசனத்தை மெல்லமாக வாசிக்க யாராலும் முடியாது.

மூன்றாம் நாள் செக்கரியா 8ஆம் அதிகாரம், 4ஆம் 5ஆம் வசனங்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எருசலேம் இடிந்து, சனங்கள் நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்த காலம். எல்லாவற்றையும் சரியாக்குவேன் என்று கடவுள் வாக்குக் கொடுக்கிறார். சரியானதற்கு அடையாளம் என்ன? படை இல்லை, மதில் இல்லை. கைத்தடியோடு கிழவரும் கிழவியும் தெருவில் இருப்பார்கள். தெரு முழுக்கச் சிறுவரும் சிறுமியரும் விளையாடுவார்கள். அவ்வளவுதான். நம் ஊரில் என் வயதுக்காரருக்கு ஊரடங்கு நேரத்துத் தெரு எப்படி இருக்கும் என்று தெரியும். நாய் குரைக்கிற சத்தம் மட்டும் கேட்கும். ஆறு மணிக்கு முன் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்திய தாய்மாருக்கு இந்த வசனம் பாட்டைப் போல இல்லை, சாட்சியைப் போலக் கேட்கும். இன்று பின்னேரம் உங்கள் ஒழுங்கையில் பந்தடிக்கிற சத்தம் கேட்டால், அதை ஒரு வாக்குத்தத்தம் நிறைவேறுகிற சத்தமாகக் கேளுங்கள்.

நாலாம் நாள் கானாவூர்க் கலியாணம், யோவான் 2. ஆறு கல்தொட்டிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 முதல் 120 லீற்றர். எல்லாம் சேர்த்தால், நாம் தண்ணீர் பிடிக்கிற பெரிய நீலப் பரல் மூன்று அளவு. இயேசு செய்த முதல் அடையாளம் ஒரு கலியாண வீட்டின் சந்தோசம் பாதியில் நின்றுவிடாமல் காத்தது. ஐந்தாம் நாள் லூக்கா 15. காணாமல் போன ஆடு, காசு, மகன் மூன்றையும் வாசித்து, ஒவ்வொரு கதையிலும் கொண்டாட்டம் வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மூத்த மகனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கடைசிக்கு யோவான் 21 வைத்திருங்கள். இரா முழுக்க வலை போட்டும் ஒன்றும் அகப்படவில்லை. விடியற்புறம் கரையில் ஒருவர் நின்று, பிள்ளைகளே, மீன் ஏதும் பட்டதா என்று கேட்கிறார். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ விடியற்காலையில் கரையில் நிற்கிறவர்கள் இந்தக் கேள்வியை நாளும் கேட்டிருப்பார்கள். அப்புறம் வலை நிறைகிறது. பேதுரு என்ன செய்கிறார் பாருங்கள். எல்லாரும் உடுப்பைக் கழற்றிவிட்டுக் கடலில் குதிப்பார்கள். இவர் உடுப்பை எடுத்துக் கட்டிக்கொண்டு குதிக்கிறார். சந்தோசம் முட்டினால் மனிதருக்குக் கை கால் தெரியாது. மீன் 153 என்று எண்ணியும் வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு அறிஞர்கள் எத்தனையோ விளக்கம் சொல்வார்கள். கரைவலை இழுக்கிற குடும்பத்திலிருந்து என்னிடம் படிக்க வந்த ஒரு பிள்ளை சொன்ன விளக்கம்தான் எனக்குப் பிடித்தது: "எண்ணாமல் எப்படி டீச்சர் பங்கு பிரிக்கிறது?" கரையில் கரி நெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். உயிர்த்த ஆண்டவர் தன்னைக் கைவிட்டு ஓடியவர்களைப் பார்த்து "வந்து சாப்பிடுங்கள்" என்கிறார்.

இரண்டாம் படி: வாயைத் திறந்து பாடுங்கள்

புதிதாக வந்தவர்களுக்குப் பாட்டு என்றால் கூச்சம். புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பார்கள். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குப் பின் வாங்கில் போய் இருங்கள். அவர்கள் சுருதியைப் பற்றிக் கவலைப்படாமல் பாடுவார்கள். அந்தச் சத்தத்துக்குள் உங்கள் சத்தமும் ஒளிந்துகொள்ளும். முதலில் பல்லவியை மட்டும் பிடியுங்கள். அடுத்த மாதம் சரணம். கை தட்டுகிற பாட்டுக்குக் கை தட்டுங்கள். கை தட்டாமல் இருப்பது கூடுதல் பக்தி என்று நினைக்காதீர்கள். தாவீது அரசர் உடன்படிக்கைப் பேழைக்கு முன்னால் தன் முழு வலிமையோடும் ஆடினார்.

நம் கரையில் வலை இழுக்கிறவர்கள் அம்பாப் பாட்டுப் பாடுவார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏற்று இழுப்பார்கள். பாட்டு இல்லாவிட்டால் கைகள் ஒன்றாக இழுக்காது. கோயில் பாட்டும் அந்த வேலையைத்தான் செய்கிறது என்று நான் நம்புகிறேன்.

நத்தார் காலத்தில் கரோல் குழுவோடு கட்டாயம் ஒரு நாளாவது போங்கள். நம் ஊரில் மார்கழி என்றால் மழை. குடையும் போகும், சவுக்கம் துவாயும் போகும், பாட்டுக் கொப்பி நனையும். ஒருமுறை நாங்கள் ஒரு ஒழுங்கையில் நிற்கும்போது கரண்ட் போய், கீபோர்ட் நின்றுவிட்டது. அந்த வீட்டு அம்மா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக் கொண்டுவந்து தந்தார். எங்கள் பெடியன் ஒருவன் அதில் தாளம் போட, இருட்டிலேயே மூன்று பாட்டுப் பாடினோம். அந்த அம்மா சைவக்காரர். எங்களோடு சேர்ந்து கை தட்டி, எல்லாருக்கும் இஞ்சி போட்ட பிளேன்டீ ஊற்றித் தந்தார். அந்த வருடத்துக் கரோலில் எனக்கு நினைவிருப்பது அந்த வீடு மட்டும்தான்.

மூன்றாம் படி: விளையாட்டை ஒழுங்குபடுத்துங்கள்

இதுதான் மனதால் முடியாத, கையால் செய்ய வேண்டிய படி. உங்கள் அன்பியத்திலோ (பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற குழு) வாலிபர் குழுவிலோ மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரத்தை இதற்கென்று கேட்டு வாங்குங்கள். சுவாமியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வளவில் அன்று வேறு கூட்டம் இருக்கக் கூடாது. நாலு மணிக்கு முன் வெயில் கொளுத்தும். நாலரைக்குத் தொடங்கினால் ஆறு மணிக்குள் முடித்து, சிறிய ஜெபத்தோடு அனுப்பிவிடலாம்.

என்ன விளையாட்டு என்று கேட்டால், நான் முதலில் சொல்வது கிளித்தட்டு. பந்து வேண்டாம், காசு வேண்டாம், ஒரு தடி போதும். மண்ணில் நீளமாக ஒரு நடுக்கோடு, அதை வெட்டிக் குறுக்கே நாலைந்து கோடுகள். ஒரு கோட்டுக்கு ஒரு காவல். நடுக்கோடு கிளி என்ற முதல் காவலுக்கு; கிளி அதன்மேல் மேலும் கீழும் ஓடலாம். மற்றக் கட்சி அடிபடாமல் எல்லாப் பெட்டிகளையும் கடந்து போய்த் திரும்ப வேண்டும். இந்த விளையாட்டில் தனியாக யாரும் வெல்ல முடியாது. ஒருவர் காவலின் கண்ணை இழுத்துப் பிடித்தால்தான் மற்றவர் பாயலாம். முதல் நாள் வந்தவருக்கும் பத்து வருடம் வந்தவருக்கும் ஒரே கோடுதான். பக்கத்தில் இருந்தும் ஒருவர் பேரை ஒருவர் அறியாமல் மாதக்கணக்காகப் பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுத்தவர்கள், "டேய் ஓடு ஓடு" என்று கத்தும்போது பேரையும் சேர்த்துக் கத்துவார்கள்.

வயதானவர்களை வேடிக்கை பார்க்க வைக்காதீர்கள். தேசிக்காய்க் கரண்டி ஓட்டம் அவர்களுக்கு நல்லது. மெதுவாக நடக்கிறவர்தான் அதில் வெல்வார். சங்கீதக் கதிரையை நான் கடைசியில்தான் வைப்பேன். வெளியேறுகிறவர்கள் சும்மா நிற்க நேரிடும். கூச்சமுள்ளவர்கள் முதலில் வெளியேறுவார்கள். அவர்களுக்குப் பாட்டு நிறுத்துகிற வேலையைக் கொடுத்தால் முகம் மாறும்.

பரிசு வைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பரிசு வந்த இடத்தில் சண்டையும் வந்து, பெற்றோரும் கோட்டுக்குள் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கி எல்லாருக்கும் பிரித்துக் கொடுங்கள். பணிஸும் தேத்தண்ணியும் என்றால் இன்னும் நல்லது. பக்கத்து வீட்டுச் சைவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் மதிலால் எட்டிப் பார்த்தால் கூப்பிடுங்கள். அவர்களை விளையாட மட்டும் கூப்பிடுங்கள். வேறு நோக்கம் உள்ளே வைத்துக்கொண்டு கூப்பிட்டால் பிள்ளைகளுக்கு உடனே தெரியும்.

ஆண்டின் நாள்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்

திருச்சபை நாட்காட்டி மகிழ்ச்சிக்கும் முறை வைத்திருக்கிறது. நத்தாருக்கு முன் வரும் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறும், தவக்காலத்தின் நாலாம் ஞாயிறும் "மகிழ்ச்சி ஞாயிறு". அந்த இரண்டு நாளும் சுவாமி ஊதாவுக்குப் பதிலாக றோஸ் நிற உடுப்புப் போடலாம். உங்கள் கோயிலில் அந்த நிறம் இருந்தால், ஏன் இன்று மட்டும் றோஸ் என்று பிள்ளைகளைக் கேட்க விடுங்கள்.

நாற்பது நாள் தவக்காலத்தை நாங்கள் கவனமாகப் பிடிப்போம். இறைச்சி இல்லை, சிலுவைப்பாதை, கலியாணம் வைப்பதில்லை. ஆனால் உயிர்ப்பு ஞாயிறு தொடங்கிப் பெந்தகோஸ்து வரை ஐம்பது நாள் கொண்டாட்டக் காலம் என்பது எத்தனை பேருக்கு நினைவு? தவத்தைவிடப் பத்து நாள் கூட. தவக்காலத்தில் ஒன்றை விடுகிறோம் அல்லவா, இந்த ஐம்பது நாளில் ஒன்றைச் சேருங்கள். எங்கள் வீட்டில் ஒரு போத்தலுக்குள் சின்னச் சீட்டுகள் போட்டு வைத்திருக்கிறோம். ஒரு நாளைக்கு ஒன்று எடுப்போம். "பாட்டி வீட்டுக்குப் போய்ப் பழைய கதை கேள்." "ஒரு பட்டம் கட்டு." "கோட்டைப் பக்கம் நடந்து போய் எத்தனை மான் என்று எண்ணு." "மூன்று வருடமாகக் கதைக்காத ஆளுக்குப் போன் எடு." அந்தப் போன் சீட்டு வந்த அன்று வீட்டுக்காரர் அரை மணித்தியாலம் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், பிறகு எடுத்தார். நம் பக்கத்துக் கடல் அடங்கிக் குளிக்கத் தோதாவதும் இந்த மாதங்களில்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நீங்களும் இறங்குங்கள்.

நத்தாருக்குப் பாலன் குடில் கட்டும் வேலையில் சேருங்கள். 1223இல் கிரேச்சோ என்ற ஊரில் அசிசியார் பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திப் பாலன் பிறப்பைக் காட்டினார். பாலன் பிறந்து கிடந்த நிலையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று செய்த வேலை அது. சேற்றைக் குழைத்து மலை கட்டி, நெல் முளைக்க வைத்து, ஒளிவிழாவில் இடையர் வேடம் போட்டு நிற்கும்போது நீங்கள் செய்வது அந்த 800 வருடத்து விளையாட்டைத்தான்.

ஆடித் திருநாளுக்கோ ஆவணித் திருநாளுக்கோ மடு மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் பானை சட்டியோடு போய், மரத்துக்குக் கீழ் சமைத்து, பாடி, படுத்து எழும்பி வருவார்கள். உரோமையில் பிலிப்பு நேரி என்ற குரு, 16ஆம் நூற்றாண்டில், ஏழு கோயில் தரிசனத்துக்குச் சனத்தைக் கூட்டிக்கொண்டு போகும்போது வழியில் சாப்பாடும் இசையும் வைத்தார். தன்னைப் பெரிய புனிதர் என்று சனம் புகழக் கூடாது என்று பாதித் தாடியை மழித்துக்கொண்டு நடந்தவர் அவர். அவர் தொடங்கிய ஓரட்டரி என்ற குருக்கள் சபையின் முறையைப் பின்பற்றிய, இந்தியாவின் கோவாச் சபையிலிருந்துதான் யோசவ் வாஸ் அடிகளார் 1687இல் இலங்கைக்கு வந்தார். ஒல்லாந்தர் காலத்தில் ஒளிந்து திரிந்து இந்த நாட்டுக் கத்தோலிக்கரைத் தாங்கியவர் அவர். நம் விசுவாசத்தின் வேரில் சிரிக்கத் தெரிந்த ஒரு கிழவரும் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்த நாள் நான் மிகவும் சந்தோசப்பட்டேன்.

பாலையூற்றுப் பக்கம் பறங்கியர் குடும்பங்களில் யாரையாவது தெரிந்தால், அவர்களுடைய கலியாணத்துக்கு அழைப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள். கோயிலில் பணிந்து நின்ற அதே ஆட்கள் கபறிஞ்ஞா என்ற ஆட்டத் தாளம் கேட்டதும் ஆடுவதைப் பார்க்கலாம். ஜெபத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் அங்கே மதில் இல்லை.

பலகாரத் தட்டு

கொக்கிசும் முறுக்கும் கேக்கும் அடுத்த வீட்டுக்குப் போகாமல் நத்தார் முடியாது. ஒரு விசயம் கவனியுங்கள். ரிச் கேக்கில் பிராந்தி ஊற்றுவது வழக்கம். முஸ்லிம் வீடுகளுக்குக் கொடுப்பதற்கு அது இல்லாமல் தனியாக ஒன்று செய்யுங்கள்; கொடுக்கும்போது "இதில் ஒன்றும் இல்லை" என்று வாயால் சொல்லுங்கள். சைவ வீட்டில் முட்டை சாப்பிடாதவர்கள் இருந்தால் முறுக்கும் பயத்தம் பணியாரமும் போகட்டும். பொங்கலுக்கும் பெருநாளுக்கும் அவர்கள் தட்டு வரும்போது நின்று நாலு வார்த்தை கதைத்து வாங்குங்கள்.

பகிடிக்கும் எல்லை உண்டு. மற்றவர்களுடைய சாமியை, தொழுகையை, சடங்கை வைத்துப் பகிடி விடக் கூடாது. ஒருவரின் நிறம், உடம்பு, சாதி, வறுமை, பழைய வாழ்க்கை எதுவும் சிரிப்புக்குரிய பொருள் ஆகாது. திருப்பிப் பதில் சொல்ல முடியாதவரைப் பார்த்துச் சிரிப்பது கொடுமை. புதிதாக வந்தவரின் ஜெபத்தில் சொல் தடுமாறினால், அந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கக் கூடாது.

துக்கம் இருக்கும் வீட்டில்

இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதிய எல்லாம் பொய்யாகிவிடும். 2004இல் நாங்கள் நத்தார் கொண்டாடிய மறுநாள் காலையில்தான் கடல் வந்தது. முதல் நாள் புது உடுப்புப் போட்ட பிள்ளைகளை மறுநாள் தேடினோம். அதற்குப் பிறகு பல வருடம் மார்கழி 25 இரவில் பாட்டுப் பாட என்னால் முடியவில்லை. வாய் திறக்கும், சத்தம் வராது. அந்தக் காலத்தில் எனக்குக் "கர்த்தருக்குள் சந்தோசமாக இருங்கள்" என்று சொன்னவர்கள் எனக்கு உதவவில்லை. பக்கத்தில் வந்து பேசாமல் இருந்து, பாத்திரம் கழுவிவிட்டுப் போனவர்கள் உதவினார்கள்.

ஆகவே, மகிழ்வாரோடு மகிழுங்கள், அழுவாரோடு அழுங்கள் என்று பவுல் சொன்ன இரண்டையும் சேர்த்தே பிடியுங்கள். செத்த வீட்டில் யாரையும் சிரிக்கச் சொல்லாதீர்கள். ஆனால் எட்டாம் நாளோ முப்பத்தோராம் நாளோ, செபமாலை முடிந்து வாசலில் இருக்கும்போது, இறந்தவரின் ஒரு குறும்புக் கதையை யாராவது தொடங்குவார்கள். வீட்டுக்காரர் கண்ணீரோடு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அடக்காதீர்கள். கேட்டுக்கொண்டே இருங்கள்.

எதிலும் சந்தோசம் வரவில்லை, நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று வாரக்கணக்காக ஒருவர் இருந்தால், அது விசுவாசக் குறைவு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அது ஒரு நோய். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். கூடவே போய் வரிசையில் இருப்பதும் ஜெபம்தான்.

யாராவது ஏசினால்

ஏசுவார்கள். கோயில் வளவில் என்ன கூத்து என்று ஒரு பெரியவர் கட்டாயம் கேட்பார். எதிர்த்துக் கதைக்காதீர்கள். லூக்கா 15இல் மூத்த மகன் வீட்டுக்குள் ஆட்டமும் பாட்டும் கேட்டு வெளியே நின்றுவிடுகிறான். தகப்பன் என்ன செய்தார்? விருந்தை நிறுத்தவில்லை, மகனைத் திட்டவுமில்லை. தானே வெளியே வந்து கெஞ்சிக் கூப்பிட்டார். நீங்களும் அந்தப் பெரியவருக்கு ஒரு கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, புள்ளி எழுதுகிற கொப்பியைக் கையில் கொடுங்கள். அடுத்த மாதம் அவரே நேரத்துக்கு வந்து நிற்பார். நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கண்டது இது.

அவர் படித்தவராக இருந்து வாதம் கேட்டால், 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினார் சொன்னதைச் சொல்லலாம். விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டு, விளையாட்டே இல்லாமல் மற்றவர்களுக்குப் பாரமாக இருப்பது குறை என்று அந்தப் பெரிய இறையியலாளர் எழுதினார். அதற்கு ஒரு கதையும் காட்டுகிறார். யோவான் அப்போஸ்தலர் தன் சீடர்களோடு விளையாடுவதைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். வில் வைத்திருந்த ஒருவரை அவர் அம்பு எய்யச் சொன்னார். இப்படியே எய்துகொண்டே இருப்பாயா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றார் அவர். மனமும் அப்படித்தான் என்றாராம் யோவான்.

சரி, வருகிற ஞாயிறு. ஒரு தடி, ஒரு விசில், இரண்டு பெரிய போத்தல் தண்ணீர், பிளாஸ்டர் கொஞ்சம் எடுத்து வையுங்கள். கண்ணாடி துண்டும் முள்ளும் கிடக்கிறதா என்று வளவை ஒருமுறை நடந்து பாருங்கள். கோடு கீறும் வேலையைச் சின்னவர்களிடம் கொடுங்கள்; கோணலாக வந்தால் இருக்கட்டும். மதிலோரம் யாராவது நின்றால் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், பேர் தெரியாவிட்டால் முதலில் பேரைக் கேளுங்கள். கட்சி பிரித்து முடிந்ததும் "யார் கிளி?" என்று ஒரு பிள்ளை கத்தும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைத் தூக்குங்கள்.